சூடான குழம்பும் பிளாஸ்டிக் பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் பிளாஸ்டிக் பற்றிய எச்சரிக்கை மாதம் ஒன்றாவது வந்துவிடும். வந்த ஐந்து நிமிடத்தில் "சார், இது உண்மையா?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

சார், பிளாஸ்டிக்கிலிருந்து சாப்பாட்டில் ஏதாவது இறங்குகிறதா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?

இறங்குகிறது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், உங்கள் அடுப்படி போதும். மிஞ்சின கோழிக்கறியை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பீர்கள். கழுவிக் கவிழ்த்த பிறகும் டப்பா மஞ்சளாகத்தான் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மஞ்சள் மேலே ஒட்டியிருந்தால் தேய்த்தால் போயிருக்குமே. எண்ணெயில் கரைந்த அந்த நிறப்பொருள் பிளாஸ்டிக்கின் இழைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளே போக வழி இருந்தால் வெளியே வரவும் அதுதான் வழி. பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலிகள். அந்தச் சங்கிலிகள் பெரியவை, லேசில் அசையாது. ஆனால் அவற்றுக்கு இடையில், சங்கிலியில் சேராமல் விட்டுப்போன துண்டுகள், வளைந்துகொடுக்கச் சேர்த்த எண்ணெய் மாதிரிப் பொருட்கள், சாயம், வெயிலில் வெடிக்காமல் இருக்கச் சேர்த்தவை என்று பல சின்ன மூலக்கூறுகள் கட்டில்லாமல் கிடக்கும். வெளியே வருபவை இவைதான்.

எவ்வளவு வரும் என்பதை நாலு விஷயம் தீர்மானிக்கிறது: சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம். நம் பினாங்குச் சாப்பாட்டைப் பாருங்கள். நாசி கண்டார் குழம்பில் சூடும் எண்ணெயும், அசாம் லக்சாவில் சூடும் புளிப்பும். இரண்டையும் பையில் கட்டி, தீவிலிருந்து பாலத்து நெரிசலில் வீடு கொண்டுவந்தால் நேரமும் சேர்ந்துவிடும்.

டப்பாவுக்கு அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கிறதே, எது நல்ல எண்?

அந்த எண் மறுசுழற்சிக்காரர்களுக்காகப் போட்டது. பாதுகாப்பு மதிப்பெண் என்று நினைக்கக் கூடாது. ஆனாலும் பிளாஸ்டிக்கின் சாதி என்னவென்று தெரிந்துகொள்ள உதவும்.

1 என்றால் பெட், தண்ணீர் போத்தல். 2ம் 4ம் பாலிஎத்திலீன் குடும்பம். பால் போத்தல், மெல்லிய பைகள். 5 பாலிப்ரொப்பிலீன். நாம் தாப்பாவ் (பொட்டலம்) வாங்கும் தெளிவான டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, குழந்தைப் போத்தல் எல்லாம் பெரும்பாலும் இதுதான். உருக 160 பாகை செல்சியஸ் ஆகும் என்பதால் சூட்டைத் தாங்கும். 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன். இந்த இரண்டையும் சூடான சாப்பாட்டுப் பக்கமே சேர்க்காதீர்கள். 7 என்பது 'மற்றவை'. சோளமாவில் செய்ததும் அதில்தான் வரும், பிபிஏ (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) உள்ள பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும் அதில்தான் வரும். அதனால் 7ஐப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

எண்ணை மனப்பாடம் செய்வதைவிட அந்த நாலு விஷயத்தைக் கவனிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 5ஆம் எண் டப்பாவில் கொதிக்கும் எண்ணெய்க் குழம்பை ஊற்றி வைப்பதைவிட, 1ஆம் எண் போத்தலில் குளிர்ந்த தண்ணீர் குடிப்பது மேல்.

முப்பது வருஷமாகக் கடையில் தே தாரேக்கைப் பையில் கட்டித்தான் வாங்குகிறேன். எனக்கு ஏதாவது ஆகுமா?

கேட்டவர் என் பழைய மாணவர், இப்போது பேருந்து ஓட்டுகிறார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கதை. பைகள் வருவதற்கு முன்னால் கோப்பிக் கடையில் காலியான பால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டு, கயிறு கட்டி, அதில்தான் கோப்பி ஊற்றித் தருவார்கள். என் அப்பா வாங்கி வருவார். 'அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தம்' என்று பெருமூச்சு விடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அக்கால டின்கள் பலவற்றின் ஓரம் காரீயம் கலந்து பற்றவைத்தது.

பைக்கு வருவோம். கையில் கசக்கினால் மொடமொடவென்று சத்தமிடும் தெளிவான பை பாலிப்ரொப்பிலீன். சூடான பானத்துக்கு நல்ல கடைகள் இதைத்தான் வைத்திருக்கும். தேத்தண்ணீர்ச் சூட்டில் இது உருகாது. மெத்தென்று இழுபடும் பை பாலிஎத்திலீன். கொதிநிலையை நெருங்கும்போது தளர்ந்துவிடும். சிவப்பு, கறுப்புத் தூக்குப்பைகளில் நேராக எதையும் ஊற்றவே கூடாது. அவை சாப்பாட்டுக்காகச் செய்தவை அல்ல. உருகாவிட்டாலும், சூடு பட்டால் எல்லாப் பையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். அவை உடம்பில் என்ன செய்கின்றன என்பதில் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாணவரிடம் இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் முறைத்தார். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இன்னும் கூடுதல். ஒரு நாளைக்கு மூன்று பை தே தாரேக் குடிப்பவர் பையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், உள்ளே இருக்கும் சீனிப்பாலைப் பற்றி யோசிக்கலாம்.

பிபிஏ பிபிஏ என்கிறார்களே, அது என்ன?

பிஸ்பீனால் ஏ. 1891இல் தியானின் என்ற ரஷ்ய வேதியியலாளர் முதலில் தயாரித்தார். 1930களில் இங்கிலாந்தில் எட்வர்ட் டாட்ஸ் என்ற ஆய்வாளர், பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாக மருந்தாகக் கொடுக்கப் பொருள் தேடியபோது இதையும் சோதித்தார். ஈஸ்ட்ரோஜன் மாதிரியே லேசாக வேலை செய்தது. அதைவிட வீரியமான வேறொன்று கிடைத்ததால் இதை விட்டுவிட்டார்கள். அப்புறம் 1950களில் இதே பொருளை வைத்துக் கண்ணாடி போலத் தெளிவான, கீழே விழுந்தால் உடையாத பாலிகார்பனேட் வந்தது. ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு பொருள் பின்னாளில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சுரப்புகள் உடம்பில் மிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. வீட்டுக் கதவைத் தட்டி அத்தை குரலில் ஒருத்தர் கூப்பிட்டால் யாரென்று பார்க்காமல் திறந்துவிடுவோம் இல்லையா, உயிரணுவும் அப்படித்தான். பிபிஏ அத்தை குரலில் கூப்பிடுகிறது. கருவில் இருக்கும் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் உறுப்புகள் உருவாகும் நேரத்தில் இந்தத் தவறான அழைப்பு வருவதுதான் பெரிய கவலை.

எவ்வளவு வரை பரவாயில்லை என்பதில்தான் சண்டை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 4 மைக்ரோகிராம் என்று சொன்னது. 2023இல் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இருபதாயிரம் மடங்கு! 60 கிலோ எடையுள்ளவருக்கு, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 12 பங்கு. ஜெர்மனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன அளவு அதைப்போல் ஆயிரம் மடங்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ, இப்போது உணவில் சேரும் அளவு ஆபத்தில்லை என்ற நிலையில் இருந்துவருகிறது. இந்தச் சண்டைக்கு நடுவே ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடர்புள்ள பொருட்களில் பிபிஏவைத் தடை செய்ய 2024 டிசம்பரில் முடிவெடுத்துவிட்டது. பெரும்பாலான பொருட்களுக்குக் கெடு 2026 ஜூலை வரை.

ஆறுதலான செய்தி ஒன்று: உடம்பு இதைச் சேர்த்து வைக்காது. சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். இன்று குறைத்தால் இந்த வாரமே குறையும். தினமும் திரும்பத் திரும்ப உள்ளே போவதுதான் தொல்லை.

'பிபிஏ இல்லை' என்று எழுதியிருந்தால் வாங்கலாம்தானே?

பாமாயில் போத்தலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் சொல்லும்படி கிடையாது. அதுபோலத்தான் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் 'பிபிஏ இல்லை' என்பதும். அதில் எப்போதுமே இருந்ததில்லை. பாலிகார்பனேட் போலத் தெளிவான கெட்டிப் பொருட்களிலும் டின்களின் உட்பூச்சிலும்தான் அந்த வரிக்கு அர்த்தம் உண்டு. அங்கும் சில இடங்களில் பிபிஏவை எடுத்துவிட்டு அதன் தம்பியான பிபிஎஸ்ஸைப் போட்டார்கள். தம்பியும் அத்தை குரலில் பேசத் தெரிந்தவன்தான்.

பேரனுக்குப் புட்டிப்பால். என்ன போத்தல் வாங்குவது?

மலேசியாவில் பிபிஏ உள்ள குழந்தைப் போத்தல்களுக்கு 2012 மார்ச் 1 முதல் தடை. ஆகவே கடையில் இப்போது விற்பவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அல்லது கண்ணாடி. அலமாரியில் பத்திரமாக எடுத்துவைத்த, பேரனின் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் வாங்கின போத்தலை மட்டும் பேரனுக்குக் கொடுக்காதீர்கள்.

2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிப்ரொப்பிலீன் போத்தலில் வெந்நீரில் பால்மாவு கலக்கும் முறையைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 1 கோடியே 62 லட்சம் வரை நுண்துகள்கள். சூடு கூடக் கூட எண்ணிக்கையும் கூடியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பால்மாவில் கிருமி இருக்கலாம் என்பதால் குறைந்தது 70 பாகைத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. துகளுக்குப் பயந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால் வயிற்றுப்போக்கு வரலாம். கைக்குழந்தைக்கு அது நிஜமான ஆபத்து.

வழி எளிது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் குவளையில் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள், ஆறவிடுங்கள், பிறகு போத்தலில் ஊற்றுங்கள். போத்தலைக் கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்கியிருந்தால், ஆறவைத்துக் கொதித்து ஆறின நீரால் மூன்று தடவை அலசுங்கள். மைக்ரோவேவில் போத்தலோடு சூடாக்க வேண்டாம். கண்ணாடிப் போத்தல் கனம்தான், உடையும்தான். எங்கள் வீட்டில் இரவுக்குக் கண்ணாடி, வெளியே போக பிளாஸ்டிக் என்று மருமகள் வைத்திருக்கிறார்.

பெரிய நீலத் தண்ணீர்க் கலன் வாங்கிப் போடுகிறோம். அது?

அந்த 19 லிட்டர்க் கலன் பெரும்பாலும் பாலிகார்பனேட், அடியில் 7 இருக்கும். இப்போது பெட்டிலும் வருகிறது; 1 என்றிருந்தால் அதில் பிபிஏ இல்லை. 2009இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் போத்தலில் குளிர்ந்த பானம் மட்டும் குடிக்கச் சொன்னார்கள். சிறுநீரில் பிபிஏ மூன்றில் இரண்டு பங்கு கூடியது. சூடே இல்லாமல். அதற்கு முந்தின ஆண்டு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இதே வகைப் போத்தலில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தபோது, பிபிஏ வெளிவரும் வேகம் 55 மடங்கு வரை ஏறியது.

கடை வாசலில், அஞ்சடியை (கூரையுள்ள நடைபாதையை) தாண்டி வெயிலில் அடுக்கிவைத்த கலனை வாங்காதீர்கள். கீறலும் மங்கலுமாக வந்தால் திருப்பிக் கொடுங்கள். வடிகட்டி வைத்த குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் இந்தக் கேள்வியையே தாண்டிப் போகலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: மலேசியாவில் போத்தல் மூடி வெள்ளையாக இருந்தால் சாதாரணக் குடிநீர், நிறமாக இருந்தால் இயற்கைக் கனிம நீர். பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஒன்றுதான்.

காரில் வெயிலில் கிடந்த போத்தல் தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வருமாமே?

இருபது வருஷமாகச் சுற்றும் செய்தி. டயாக்சின் என்ற நச்சுப்பொருள் வருகிறது என்பார்கள், உறையவைத்தாலும் வருகிறது என்பார்கள். டயாக்சின் உண்டாகக் குப்பை எரிக்கும் அளவு சூடு வேண்டும். காரில் அது வராது, ஐஸ் பெட்டியில் நிச்சயமாக வராது.

வருவது ஆண்டிமனி என்ற தனிமம். பெட் தயாரிக்கும்போது வினையூக்கியாகச் சேர்ப்பது, மிச்சம் கொஞ்சம் இருந்துவிடும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட, 60 பாகைச் சூட்டில் 176 நாள் ஆகும். 80 பாகையில் இரண்டரை நாள்கூட வேண்டாம். நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகை வரை ஏறலாம். இரண்டு மணி நேரம் கிடந்த போத்தலைக் குடித்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெட்டி பெட்டியாக வாங்கி மாதக்கணக்கில் கார் பின்னால் போட்டு வைக்காதீர்கள்.

அதே போத்தலை மறுபடி நிரப்பலாமா என்றும் கேட்கிறார்கள். வேதிப்பொருளைவிட வாய் வைத்துக் குடித்த போத்தலில் வளரும் கிருமிதான் எனக்குக் கவலை. அதில் வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள். சுருங்குவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

வெள்ளைப் பஞ்சு டப்பா, பாலிஸ்டைரீன்?

வேண்டாம். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. அதன் மூலப்பொருளான ஸ்டைரீனை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற வகுப்பிலிருந்து மேலே ஏற்றி, அதற்கான வாய்ப்பு வலுவாக உள்ள வகுப்பில் வைத்தது. டப்பாவிலிருந்து இறங்கும் அளவு சிறியதுதான். ஆனால் சூடும் எண்ணெயும் பட்டால் அந்த டப்பா குழிவிழுவதை நாமே பார்த்திருக்கிறோம். வகுப்பில் நான் ஆரஞ்சுத் தோலைப் பஞ்சுத் துண்டின் மேல் பிழிந்து காட்டுவேன். தோலெண்ணெய் பட்ட இடம் கரைந்து பள்ளமாகும். கடைசி வரிசைப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

கோலாலம்பூரில் 2017 செப்டம்பர் முதல் உணவுக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள். பினாங்கு இந்தப் பாதையில் முன்பே நடந்தது. 2009 ஜூலையில் திங்கள்கிழமைகளில் இலவசப் பை இல்லை என்று ஆரம்பித்து, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் 20 சென் என்றாக்கியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் ஐம்பது ஆண்டுகளாகப் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இன்றும் சில பந்தல்களில் சுடச்சுடப் பாயசத்தை மெல்லிய பிளாஸ்டிக் குவளையில் ஊற்றித் தருகிறார்கள். புண்ணியம் தேடுகிறவர்கள் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றலாம்.

காகிதக் குவளையும் பழுப்புக் காகிதமும் பாதுகாப்புதானே?

வெறும் காகிதத்தில் கோப்பி ஊற்றினால் என்ன ஆகும்? உள்ளே பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2021இல் பார்த்தபோது, 100 மில்லி வெந்நீரில் 15 நிமிடத்தில் சுமார் 25,000 நுண்துகள்கள். நாசி லெமாக் கட்டும் பழுப்புக் காகிதத்திலும் ஒரு பக்கம் அதே பூச்சு. விரலால் தடவினால் வழவழக்கும். அதன்மேல் வாழையிலைத் துண்டு வைத்துக் கட்டும் அக்காமார்கள் வாசனைக்காகச் செய்கிறார்கள், ஆனால் சூடான சோறு இலையில்தானே படுகிறது. எண்ணெய் ஊறாத சில காகிதங்களில் பிஃபாஸ் என்னும், உடம்பிலும் மண்ணிலும் லேசில் அழியாத பொருட்களைச் சேர்ப்பது உண்டு. அமெரிக்காவில் உணவுப் பொதிகளுக்காக அவற்றை விற்பது நின்றுவிட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள்.

மாமாக் கடைத் தட்டு, மீ கிண்ணம் எல்லாம் பிளாஸ்டிக்கா?

ஆமாம், அது மெலமின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். 2013இல் தைவானின் காவ்சியூங்கில் 12 பேருக்குச் சூடான நூடல்ஸ் சூப்பை ஒரு முறை மெலமின் கிண்ணத்திலும் ஒரு முறை பீங்கானிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மெலமின் கிண்ணத்தில் குடித்தபோது 12 மணி நேரச் சிறுநீரில் 8 மைக்ரோகிராம் சொச்சம். பீங்கானில் குடித்தபோது ஒன்றே கால் மாதிரி. 2008இல் சீனப் பால்மாவில் மெலமினைக் கலந்து 6 குழந்தைகள் இறந்தார்களே, அது வேண்டுமென்றே அள்ளிக் கொட்டியது. இதையும் அதையும் குழப்ப வேண்டாம். கடையில் சாப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. வீட்டில் மட்டும் ரசத்துக்கும் சூப்புக்கும் பீங்கான். பளபளப்பு போன, கீறல் விழுந்த மெலமினைத் தூக்கிப் போடுங்கள். மைக்ரோவேவில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

'மைக்ரோவேவில் வைக்கலாம்' என்று போட்டிருக்கிறது. வைக்கிறேன், என்ன தப்பு?

டப்பா நெளியாது, உருகாது என்பதற்குத்தான் அந்த உத்தரவாதம். ஒன்றுமே இறங்காது என்று அது சொல்லவில்லை. தண்ணீர் 100 பாகையோடு நின்றுவிடும். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் அதைத் தாண்டிப் போகும். டப்பாவில் எண்ணெய் நின்ற மட்டத்தில் சொரசொரவென்று ஒரு வளையம் விழுந்திருக்கிறதா? அது அந்தச் சூட்டின் தழும்பு. பீங்கான் தட்டில் கொட்டிச் சூடாக்க அரை நிமிடம் ஆகும்.

தாலேட்டு தாலேட்டு என்கிறார்களே, தண்ணீர்ப் போத்தலிலும் இருக்கிறதாமே?

பெயர்க் குழப்பம். போத்தல் செய்யும் பெட்டின் முழுப்பெயரில் 'டெரிப்தாலேட்' என்று வரும். கவலைக்குரிய தாலேட்டுகள் வேறு. அவை பிவிசியை மெத்தென்று ஆக்கச் சேர்ப்பவை. ஆண்மைச் சுரப்பின் வேலையைக் குறைக்கின்றன என்பதுதான் அவற்றின்மேல் உள்ள குற்றச்சாட்டு. எண்ணெயைக் கண்டால் ஓடிவந்து கலக்கும். கடைகளில் இழுத்து ஒட்டும் மெல்லிய தாள் சிலவும் கையுறை சிலவும் பிவிசி. ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே இந்தத் தாலேட்டு உள்ள பிவிசி கையுறையை உணவு வேலைக்குத் தடுத்துவிட்டது. 2011இல் தைவானில் பானம் கெட்டியாகத் தெரியப் பாமாயிலுக்குப் பதிலாகத் தாலேட்டையே கலந்த ஊழல் வெடித்தது. அங்கே பானத்துக்குள்ளேயே ஊற்றியிருந்தார்கள், பொதியிலிருந்து இறங்கவில்லை. நம் நாட்டின் 1985 உணவு விதிமுறைகளும் பிவிசிப் பொதியில் எஞ்சும், பிவிசியின் மூலப்பொருளான வினைல் குளோரைடுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இடியாப்பத்தின் மேல் அந்தத் தாளைப் போடுவதானால் ஆறின பிறகு, தொடாமல் போடுங்கள்.

சார்டின் டின்?

டின்னின் உட்பூச்சில் பிபிஏ இருக்கலாம். 2011இல் ஹார்வர்டில் 75 பேர் ஐந்து நாள் டின் சூப் குடித்தபோது, புதிதாகச் செய்த சூப் குடித்த வாரத்தைவிடச் சிறுநீரில் பிபிஏ பத்து மடங்குக்கு மேல் கூடியது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பூச்சை மாற்றிவிட்டன. மாதத்துக்கு இரண்டு முறை சார்டின் குழம்பு வைப்பவர்கள் பயப்பட வேண்டாம். டின்னோடு அடுப்பில் வைத்துச் சூடாக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

கறுப்பு டப்பா, கறுப்புக் கரண்டி எல்லாம் விஷம் என்று வந்ததே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2024 அக்டோபரில் ஒரு கட்டுரை வந்தது. பழைய மின்சாதனப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்து சமையலறைப் பொருள் செய்வதால், தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருட்கள் கறுப்புக் கரண்டியில் இருக்கின்றன என்றார்கள். அதுவரை சரி. பிறகு, உடம்பில் சேரும் அளவு வரம்பை நெருங்குகிறது என்றார்கள். கணக்கைப் பார்த்தால், வரம்பு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 7,000 நானோகிராம், ஆள் 60 கிலோ, பெருக்கினால் 4,20,000. அவர்கள் 42,000 என்று போட்டிருந்தார்கள். டிசம்பரில் திருத்தினார்கள். ஒரு பூஜ்யம்! அந்த இடைவெளியில் எத்தனை வீட்டுக் கரண்டிகள் குப்பைக்குப் போயினவோ. அந்தப் பொருட்கள் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கின்றன என்பது மாறவில்லை, ஆகவே வறுக்க மரக்கரண்டியே போதும். ஆனால் மாணவர்களிடம் 'செய்ததை ஒரு தடவை சரிபார்' என்று நான் மன்றாடியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

நுண்பிளாஸ்டிக் இருதயம் வரை போய்விட்டதாமே?

2024 மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்டது. கழுத்து நாளத்தில் அடைப்பு எடுத்த 257 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய 58 விழுக்காட்டினரின் அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்த வாய்ப்பு, மூன்று ஆண்டுக்குள் மற்றவர்களைப்போல் நாலரை மடங்கு. கேட்டால் திடுக்கிடும். ஆனால் பிளாஸ்டிக்தான் காரணமா, அல்லது பிளாஸ்டிக் கூடுதலாகச் சேரும் வாழ்க்கைமுறையில் வேறு ஏதாவது காரணமா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. மருத்துவர்களே அப்படித்தான் எழுதினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் போத்தல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 2,40,000 துகள்கள் எண்ணினார்கள். பத்தில் ஒன்பது நானோ அளவு, முன்பு கருவிக்கே தெரியாதவை. சீக்கிரம் தெளிவு வரும் என்று நினைக்கிறேன். அதுவரை வெந்நீரையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து வைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பாத்திரம் கொண்டுபோனால் கடைக்காரர் முறைக்கிறாரே, சார்?

கூட்ட நேரத்தில் போனால் முறைப்பார்தான். மதியம் பதினொன்றரைக்கு முன்னால் போங்கள். மூன்று அடுக்கு டிபன் கேரியர் போதும். இங்கே மங்கோக் திங்காட் என்று கேட்டால் எந்தப் பாத்திரக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். எவர்சில்வரே வாங்குங்கள், பழைய அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் அதுவும் கரையும். சோற்றை மேல் அடுக்கிலும் குழம்பை அடி அடுக்கிலும் வாங்கினால் மோட்டார்சைக்கிளில் சிந்தாது. நான் போகும் நாசி கண்டார்க் கடையில் முதல் வாரம் அளவு தெரியாமல் திணறினார்கள். இப்போது பையில் தருவதைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார்கள். பிடி சுடும், கையில் ஒரு துணி எடுத்துக்கொண்டு போங்கள்.